தையலுக்கு விட்ட இடம்

"இருநூத்தி நாப்பது சதுர அடியக் காணோம்!"

காலி வீடு. சொன்ன சொல் சுவருக்குச் சுவர் முட்டி, சொன்னவள் காதுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. தையல்காரி புத்தம் புதுத் தரையில் மண்டி போட்டிருந்தாள். ஒரு கையில் அஞ்சடி டேப்பு, மறு கையில் துணியில் குறி வைக்கிற சாக்பீஸ். கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை என்று ஒன்றையும் விடாமல், டேப்பு முடிகிற இடத்தில் ஒரு கோடு, அங்கிருந்து மறுபடி டேப்பு என்று தவழ்ந்து தவழ்ந்தே வீட்டை அளந்து முடித்திருந்தாள்.

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா அண்ணி? கதவுக்குப் பின்னால எங்கயாவது விழுந்து கெடக்கும்," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல். அது நாத்தனார். கண் விழித்ததும் ஆரம்பித்தால் கண் மூடும்போதுதான் வாய் மூடும் என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

"விளையாடாத. போன்ல கணக்குப் போட்டது நீதானே? பேப்பர்ல தொள்ளாயிரம்னு போட்டுக் காசு கேக்கறாங்க. அளந்தா அறுநூத்தி அறுபதுதான் இருக்கு."

"வேணும்னா இன்னொரு தடவ பெருக்கிப் பாக்கவா?"

"பெருக்கினா தூசிதான் போகும். போன இடம் வருமா?"

ஜன்னல் பக்கம் நின்றிருந்தார் அவள் புருஷன். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று பேருந்தில் எழுதிப் போட்டிருப்பதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறவர். தங்கை ரேடியோ என்றால் அண்ணன் அணைத்து வைத்த ரேடியோ.

அவர் நின்ற அந்த ஜன்னல்தான் இத்தனைக்கும் காரணம்.

இப்போது இருக்கும் வாடகை வீட்டில் தையல் மிஷின் கிடப்பது நடைவழியில். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் தைக்க வேண்டும். கருப்புத் துணி வந்துவிட்டால் தையல்காரிக்கு அன்றைக்கு ஜுரம். கருப்பில் கருப்பு நூல் எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவித் தடவித்தான் தைப்பாள். போன வாரம் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது யாருக்கும் தெரியாமல் கைப்பையில் ஒரு கருப்புத் துணித் துண்டும் ஊசி நூலும் போட்டுக்கொண்டு வந்தாள். சின்ன அறையின் ஜன்னலோரம் நின்று நூல் கோத்தாள். முதல் குத்திலேயே நூல் உள்ளே போனது. துணியின் நெசவு இழை இழையாய்த் தெரிந்தது. அந்த நிமிஷமே மிஷினை எங்கே போடுவது, இஸ்திரிப் பலகையை எங்கே சாய்ப்பது என்று மனம் குடியேறிவிட்டது.

மனம் குடியேறிவிட்டதுதான் பயமே. ஆசை தலைக்கேறின நேரத்தில்தானே தலையில் கட்டுவார்கள்? முன்பணத்தில் பாதி, அவள் ஜாக்கெட் ஜாக்கெட்டாகத் தைத்துச் சேர்த்தது. கையெழுத்தும் இரண்டு பேரும் போட வேண்டும். இன்று வீடு விற்கிற ஆபீஸ் மூடுவதற்குள் சரி என்று சொல்லாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு.

"என்னங்க, வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். இப்படி ஏமாத்தறவங்ககிட்ட வாங்கணுமா?"

"கேட்டுப் பாப்போம்," என்றார் அவர். அன்றைய பேச்சில் பாதி முடிந்துவிட்டது.

கேட்கவும் ஆள் வந்தது. மஞ்சள் தொப்பியும், சிமெண்டு பூசிக்கொண்ட பூட்ஸுமாக ஒரு பெண். கட்டடத்தின் இன்ஜினியர். தரையெங்கும் கோடு கோடாய்க் கிடந்ததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"என்னக்கா, நம்ம பில்டிங்ல ஏதாவது குறையா?"

ரேடியோ முந்திக்கொண்டாள். "அது என்ன 'நம்ம'? பில்டிங் உங்களுது, காசு எங்களுது. அதுக்குள்ள 'நம்ம'ன்னா எப்படி?"

"எங்க இருநூத்தி நாப்பது சதுர அடி எங்க போச்சுன்னு கேக்கறோம்," என்றாள் தையல்காரி. எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று நினைத்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

இன்ஜினியர் கோபப்படவில்லை. எதிரில் தானும் உட்கார்ந்தாள். "எல்லாம் இருக்குக்கா. காட்டறேன். முதல்ல உங்க டேப்பக் கொஞ்சம் குடுங்க."

இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவித் தரையில் நீட்டினாள். பக்கத்தில் தையல்காரியின் டேப்பைச் சுருக்கமில்லாமல் நீவி வைத்தாள். ஆரம்பம் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. போகப் போகத் துணி டேப்பு பிந்திக்கொண்டே வந்தது. அதில் அறுபதாவது அங்குலம் வந்தபோது இரும்பு டேப்பு அறுபத்தொன்றைத் தாண்டியிருந்தது.

ரேடியோ குனிந்து இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீண்டு போச்சுக்கா. எத்தன வருஷமாக் கழுத்துல போட்டு இழுக்கறீங்களோ."

"அப்ப நீங்க எனக்குத் தச்ச ஜாக்கெட்டெல்லாம்?" என்று நாத்தனார் மார்பில் கை வைத்தாள்.

"ஆளையும் இதே டேப்புல அளந்து, துணியையும் இதே டேப்புல வெட்டினா பிழை எங்கடி வெளிய தெரியும்? ஜாக்கெட்டு சரியாத்தான் இருந்துது. நீ பெருத்தது உன் பாடு." வாய் பதில் சொன்னதே தவிர, மனம் அங்கில்லை. இத்தனை வருஷம் தன் கடைக்குள்ளேயே சுற்றியதால் பிசகாத டேப்பு, அடுத்தவர் எழுதிய எண்ணோடு நின்றதும் பிசகிவிட்டது. சட்டென்று வேறொன்று உறைத்தது. "ஐயையோ, துணிக்கடைக்காரர்!"

"அவருக்கு என்ன?"

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு மீட்டருக்கு ரெண்டு விரல் குறைக்கறாருன்னு நடுக்கடையில நின்னு சண்ட போட்டிருக்கேனே!"

"அதான் உங்கள தூரத்துல பாத்ததுமே அந்த மனுசன் ஷட்டர இறக்கறாரா? நான்கூட வெயிலுக்குன்னு நெனச்சேன்."

இரும்பு டேப்பில் மறுபடி அளந்தார்கள். இந்த முறை தவழ்ந்தது ரேடியோ. அறுநூற்றுத் தொண்ணூறு வந்தது.

"பாத்தீங்களா, முப்பது கெடச்சுது. கதவுக்குப் பின்னாலதான் இருந்திருக்கு."

"மிச்சம்?" என்றாள் தையல்காரி. குரல் இறங்கியிருந்தது, பிடி இறங்கவில்லை.

"வாங்கக்கா. மேல போலாம்."

ஐந்தாம் மாடியில் பூச்சு வேலை முடியவில்லை. கீழே வெள்ளை வெளேரென்று பார்த்த அதே சின்ன அறை, இங்கே தோல் இல்லாமல் நின்றது. செங்கல் வரிசைகள். அவற்றை வெட்டிப் பதித்த குழாய்கள். வளைந்து வளைந்து ஏறும் மின்கம்பிக் குழல்கள். ஜன்னலுக்கு மேலே கம்பி துருத்திய ஒரு கான்கிரீட் பட்டை.

"இது நல்ல தண்ணி மேலருந்து வர்றது. இது அழுக்குத் தண்ணி போறது. இது கரண்டு. இந்தப் பட்டை இல்லன்னா மேல இருக்கற சுவரோட பாரம் ஜன்னல் மேல உக்காந்துரும். உங்க அறையிலயும் இதெல்லாம் இருக்கு. பூசினதால கண்ணுக்குத் தெரியல. நீங்க சுவத்துக்கு உள்பக்கம் அளந்தீங்க. சுவத்தை அளக்கல. அதுல ஒரு அறுபது சதுர அடி போகுது."

தையல்காரி சுவரின் வெட்டுமுகத்தில் கையை வைத்தாள். விரித்த கையின் அகலத்தைவிடச் சுவரின் கனம் பெரிது. சுவர் என்றால் அவளுக்கு ஆணி அடிக்கிற இடம், அவ்வளவுதான். அதற்குள்ளே தண்ணீர் ஏறும், இறங்கும், மின்சாரம் ஓடும், பாரம் கைமாறும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

திருப்பிப் பார்த்த மாதிரியேதான். "மூணு மீட்டர் குடுத்தேனே, இவ்வளவுதான் வந்திருக்கு, மிச்சத் துணி எங்கம்மா?" என்று எத்தனை பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு தடவையும் தைத்ததைத் திருப்பி, "தையலுக்கு உள்ள விட்டிருக்கேம்மா, ஓரம் மடிச்சிருக்கேன், நாளைக்குப் பிரிச்சு விடறதுக்கு வெச்சிருக்கேன், பாருங்க," என்று காட்டிக் காட்டி வாய் வலித்திருக்கிறது. தையல்காரி என்றாலே துணி திருடுகிறவள் என்று ஊருக்கே ஒரு எண்ணம். இன்றைக்கு அவள் துணி கொடுத்தவளாக நிற்கிறாள்.

"இது தையலுக்கு விட்ட எடம்," என்றாள் மெதுவாக.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இது இல்லன்னா பிரிஞ்சு போயிரும்னு சொன்னேன்."

"ஆனாலும் நூத்தி அம்பது பாக்கி," என்றாள் ரேடியோ. அவள் அண்ணிக்காக விடாமல் கணக்கு வைத்திருந்தாள்.

அந்த நூற்றைம்பதைத் தேடிக்கொண்டுதான் அவர்கள் படியேறினார்கள், இறங்கினார்கள், எட்டிப் பார்த்தார்கள். படி ஒரு துண்டு. லிஃப்ட்டு ஓடும் குழி ஒரு துண்டு. லிஃப்ட்டு இன்னும் வரவில்லை. குறுக்கே அடித்திருந்த பலகைகளின் இடுக்கில் தையல்காரி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கிணற்றைக் கட்டடத்துக்குள் நிறுத்தி வைத்ததுபோல் இருட்டு கீழே கீழே போனது. ரேடியோ ஒரு 'ஊ' கொடுத்தாள். அது கீழே போய் நிதானமாகத் திரும்பி வந்தது.

"இதுல என் பங்கு எவ்வளவு?"

"எல்லா வீட்டுக்கும் பொதுவுக்கா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒரு தனி வீடு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. தையல்காரி அதன் சுவரில் காதை வைத்தாள். நிறைய வீடுகளின் நாளைய குளியலும் சமையலும் உள்ளே அசைந்து கொண்டிருந்தன. "இதுல ஒரு குடம் எங்களுது," என்றாள். கேலிக்குத்தான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலியாக இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார்.

"நூத்தி அம்பது இதோட முடிஞ்சுது. அந்தக் கணக்குல வராத பெருசு ஒண்ணு இருக்கு. அத இங்க காட்ட முடியாது. பக்கத்து பிளாக்குல காட்டறேன்."

பக்கத்து பிளாக் இன்னும் ஒரு குழியாகத்தான் இருந்தது. வேலித் தகரத்தை ஒட்டி நின்று பார்த்தார்கள். அத்தனை ஆழம். ஓரங்களில் மண் நிறம் மாறி மாறிப் பட்டை பட்டையாய் இறங்கியது. அடியில் கம்பிக் கூண்டுகள் காடு மாதிரி நின்றன. மஞ்சள் தொப்பிக்காரர்கள் நடமாடினார்கள். மேலிருந்து பார்க்க, ஊசி செருகி வைக்கிற பஞ்சுப் பொதியில் குத்திய குண்டூசித் தலைகள்.

ஓட்டுநர் முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தார். "என் பஸ்ஸ இதுக்குள்ள நட்டமா நிறுத்தினா, மூக்குதான் வெளிய தெரியும்."

"அதுக்கும் கீழ தூண் போகுது சார். கெட்டி மண்ணு கெடைக்கற வரைக்கும். உங்க வீட்டுக்கு அடியிலயும் இப்படித்தான் இருக்கு. மூடிட்டோம், அதனால யாரும் பாக்கப் போறதில்ல."

தையல்காரி தலையைத் திருப்பித் தன் ஜன்னலைத் தேடினாள். மூன்றாம் மாடி, இடது ஓரம். அந்த ஒரு சதுர வெளிச்சத்தை அந்தரத்தில் பிடித்து நிறுத்த, பூமிக்குள் ஒரு பஸ் ஆழத்துக்கும் கீழே போய் வேர் பிடித்திருக்கிறார்கள். அவள் கருப்பு நூல் கோக்க. விலை அதிகம் என்று நேற்றுவரை புலம்பினாளே, இதை எப்படித்தான் விலை போட்டார்கள் என்று இருந்தது இப்போது.

ஓட்டுநர் மடித்து வைத்திருந்த பேப்பரைப் பிரித்தார். "நிலத்துல 'பிரிபடாத பாகம்'னு ஒண்ணு போட்டிருக்கே. அது இதுதானா?"

"அதேதான் சார். பில்டிங் நிக்கற நிலத்துல உங்க பங்கு."

"எந்தப் பக்கம்?" என்றாள் தையல்காரி. "கிழக்கயா, மேற்கயா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"கோடு போட முடியாதுக்கா. மொத்த நிலத்துலயும் இருக்கு. இங்கன்னு தொட்டுக் காட்ட முடியாது, இங்க இல்லன்னும் சொல்ல முடியாது."

"நாங்க அண்ணன் தங்கச்சி அப்பா சொத்துக்கு இப்படித்தான் இருந்தோம்," என்றாள் ரேடியோ. "அப்புறம் கோடு போட்டோம். போட்டப்புறம் ஒரு வருஷம் பேச்சில்ல."

"நீயா பேச்சில்லாம இருந்த?" என்றாள் அண்ணி.

"அண்ணன் பேசல. நான் பேசிட்டுதான் இருந்தேன்."

தையல்காரி சிரிக்கவில்லை. ஒரு புடவையை விரித்து, இதில் என் இழை எது என்று கேட்டால் யார் என்ன சொல்வது? உருவிக் காட்டினால் புடவையும் இருக்காது, இழையும் இருக்காது. அவள் தன்னையறியாமல் முந்தானை ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"சரி, எடம் கெடச்சுது," என்றாள் கடைசியில். "விலைக்கு மேல இன்னொரு பட்டியல் குடுத்தாங்களே, அதையும் பாத்துருவோம்."

அதையும் பார்த்தார்கள். பத்திரப் பதிவுக்கு ஒன்று. தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு. பராமரிப்புக்கு முன்கூட்டியே ஒரு தொகை. ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை இருமினார். வீட்டில் ஒரு பல்புகூட இருக்காது, திரைச்சீலைக் கம்பி இருக்காது, அலமாரி இருக்காது என்று இன்ஜினியரே சொன்னாள்.

"தையக்கூலி தனி, லைனிங் தனி, கொக்கி தனி," என்றாள் நாத்தனார். "அண்ணி, இவங்க உங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டாங்க."

"அலமாரி அப்புறம். திரைச்சீலை நான் தச்சுக்குவேன். பல்பு மட்டும் வாங்குவோம்," என்றாள் தையல்காரி. "முடியுமாங்க?"

ஓட்டுநர் மனதுக்குள் கியர் மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். "ஓவர்டைம் பாத்தா முடியும்." அப்புறம் பேப்பரில் ஒரு வரியில் விரலை வைத்தார். "ஏம்மா, மொட்டை மாடி அந்த நூத்தி அம்பதுக்குள்ளயே வந்துருச்சுன்னுதானே காட்டினீங்க?"

"ஆமா சார்."

"இங்க 'மொட்டை மாடிப் பயன்பாடு'ன்னு தனியா ஒரு தொகை இருக்கே?"

இன்ஜினியர் குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். "இது நான் போட்டதில்ல சார். ஆபீஸ்ல போட்டது. கேளுங்க, விடாதீங்க."

"ஒரே ஓரத்த ரெண்டு தடவ மடிச்சிருக்காங்க!" என்று ரேடியோ கை தட்டினாள். "அண்ணா, நீ பேசினதே நாலு வார்த்த. அதுல காசு வந்துருச்சு. நான் பேசினதுக்கெல்லாம் காசு வந்திருந்தா?"

"இந்தப் பில்டிங்கையே வாங்கியிருப்ப," என்றார் அண்ணன்.

ஆபீஸுக்குப் போகும் முன் தையல்காரி மட்டும் ஒரு தடவை மேலே போய் வந்தாள். மதியம் சாய்ந்திருந்தது. சின்ன அறையின் ஜன்னலில் வெளிச்சம் இன்னும் அப்படியே இருந்தது, அதட்டாமல், கூசாமல். கைப்பையைத் திறந்து கருப்புத் துண்டை எடுக்கப் போனாள். எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பூச்சுக்கு அந்தப் பக்கம் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகு சுவர் சுவராக இல்லை.

ஆபீஸில் அந்த மொட்டை மாடி வரியைக் காட்டியதும், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது அச்சுப் பிழைங்க."

"அச்சுப் பிழை எப்பவும் உங்க பக்கமே சாயுதே, அது எப்படிங்க?" என்றாள் ரேடியோ.

அவர் வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மொத்தத்தைத் திருத்தி எழுதினார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். பேனா தையல்காரியிடம் வந்தது. அவள் விரலை வைத்து அந்த இரண்டு வார்த்தையைத் தேடினாள். 'பிரிபடாத பாகம்.' ஒரு தடவை வாய்க்குள் படித்துவிட்டு, அதற்குக் கீழே நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். தையல் மாதிரி, எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளியில்.

சாவி பதிவு முடிந்த பிறகுதான். ஆனாலும் கிளம்பும்போது தரையில் கிடந்த கோடுகளைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி மேலே போனாள். நாத்தனாரும் கூடப் போனாள். துடைத்துவிட்டு இறங்கும்போது, ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறி வந்தார்கள். எதிர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் போல. அந்தப் பெண் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் ஏதோ காகிதத்தை ஆட்டி, "தொள்ளாயிரமாம், எங்க இருக்கு தொள்ளாயிரம்?" என்றார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாத்து வாங்க," என்றாள் தையல்காரி. "நம்ம படி ஈரமா இருக்கு."

அவர்கள் தலையசைத்து, ஓரமாக ஏறிப் போனார்கள்.

ரேடியோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "அண்ணி, இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? ஈரமா இருக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

தையல்காரி யோசித்துப் பார்த்தாள். அப்புறம் கைப்பிடியில் கை வைத்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். கழுத்தில் அந்த நீண்டுபோன டேப்பு ஆடிக்கொண்டே வந்தது.

"வாடி, துணிக்கடை மூடறதுக்குள்ள போகணும்."

"இப்ப எதுக்கு? சண்டைக்கா?"

"புது டேப்பு வாங்க. அந்த மனுசன்கிட்டயே."